பஸ் ஓட்டும் பிரமிளாவும் செம்பருந்து செல்வியும்

“மூடப் பெண்ணே! இந்தக் கலங்கரை விளக்கம்தான் உன் கல்லறை! ஹா ஹா ஹா!” என்று நாற்பத்து நான்கு காலி இருக்கைகளைப் பார்த்துச் சிரிக்கிறார் பிரமிளா. சிரிப்பு சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடி ஓரத்தில் தொங்கும் பிளாஸ்டிக் பையிலிருந்து பால் சேர்க்காத கோப்பி-ஓ ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, மறுபடி சிரிக்கிறார். இந்த முறை வில்லன் அச்சு அசலாக வந்துவிட்டான். பக்கத்துப் பஸ் டிரைவர் தன் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்.

காலை ஏழேகால் மணி. பினாங்கின் பாயான் லெபாஸ் தொழிற்சாலைகளில் காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டாயிற்று. இரவு ஷிப்டு முடிந்தவர்கள் எட்டு மணிக்குத்தான் வெளியே வருவார்கள். இடையில் கிடைக்கும் முக்கால் மணி நேரம் பிரமிளாவின் ஒத்திகை நேரம். என் மோட்டார் சைக்கிள் மக்கர் பண்ணிய ஒருநாள் அவர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனபோதுதான் இந்தக் கூத்தை நான் நேரில் பார்த்தேன்.

ஐம்பத்தொரு வயது. அதில் இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்திருக்கிறார். ஓட்டும்போது வெள்ளைக் கையுறை போடுவார், கை கறுத்துவிடுமாம். “அப்போ மூஞ்சி?” என்று கேட்டேன். “மூஞ்சிய யாரு சார் பாக்கறா? எல்லாரும் தூங்கிக்கிட்டுல்ல வர்றாங்க” என்றார். ஹாரன் அடிக்க மாட்டார். குறுக்கே வந்து விழும் மோட்டார்களுக்கு வாயாலேயே வழி விடுவார்: “போ லா தம்பி, போ. ஒனக்கு அவசரம். எனக்குப் பின்னாடி நாப்பத்து நாலு குடும்பம் இருக்கு.” ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் அவர் பஸ்ஸைத் திருப்புவதை மீன் வெட்டுகிறவர்கள்கூடக் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ஒரே வளைப்பு, பின்னால் எடுக்கிற பேச்சே கிடையாது.

அவரும் நானும் ஒரே அடுக்குமாடியில் ஒரே தளம், இரண்டு வீடு தள்ளி. பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் எனக்கு ‘சார்’ பட்டம் கொடுத்திருக்கிறார். மற்றபடி மரியாதை ஒன்றும் கிடையாது. “என்னா சார், இன்னிக்கும் யாரப் பத்தியோ எழுதிக் கிழிச்சீங்களா?” என்பதுதான் காலை வணக்கம். நான் காமிக்ஸ் படித்தவன் அல்லன். குட்டிக் குட்டிக் கட்டத்துக்குள் கண்ணை ஓட்டும் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் இந்த எட்டு மாதத்தில் செம்பருந்து செல்வியின் சரித்திரம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தினமும் மாலை ஐந்தரைக்கு அந்த வீட்டிலிருந்து வரும் சத்தம் என் கூடம் வரைக்கும் கேட்கும்.

செல்வி பகலில் துறைமுகப் பட்டணம் ஒன்றில் தட்டெழுத்து வகுப்பு எடுப்பாள். கள்ளக் கடத்தல்காரன் எவனாவது கரை இறங்கினால் தோளிலிருந்து செம்பருந்தின் சிறகு இரண்டு விரியும், அவ்வளவுதான், அவன் கதை கந்தல். எண்பத்து நான்கு முதல் எண்பத்தாறு வரை சென்னையிலிருந்து வந்த இதழ்கள். அப்போது பினாங்கு ஸ்திரீட்டில் அப்துல் ரசாக் என்பவர் வாடகைக்குப் புத்தகம் விட்டார். ஒற்றை இதழ்கள் கைபட்டுக் கிழியும் என்று பல இதழ்களைச் சேர்த்துத் தடித்த அட்டை போட்டுத் தொகுப்பாகக் கட்டிவைப்பார். வண்ண அட்டைகளைத் தனியே கிழித்துக் கடை வாசலில் கயிற்றில் தொங்கவிடுவார். இதழின் எண்ணும் முன்கதைச் சுருக்கமும் அந்த அட்டையில்தான் இருந்தன, அதோடு அவையும் போயின. கடையை மூடியபோது நான்கு தொகுப்புகளையும் கேட்டு வாங்கி வந்தவர் பிரமிளாவின் சின்ன அண்ணன் சிவநேசன்.

அந்தச் சிவநேசனுக்காகத்தான் இத்தனை ஒத்திகையும். லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். வயது ஐம்பத்தைந்து. மனைவி போய்ச் சேர்ந்தபின் தங்கையோடு வந்து தங்கினார், இரண்டு பேருமாக ஒரு சட்டியில் சமைத்துச் சண்டை போட்டுச் சாப்பிட்டார்கள். எட்டு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: “ஆமா.”

தேத்தண்ணி வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. “நீதான் பினாங்குப் பாலத்தக் கட்டுனியா?” என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். ஆமா என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அஃப்ரீன் என்ற பெண், பழகின கதை எதையாவது தினமும் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே பரணிலிருந்து செல்வி இறங்கிவிட்டாள். பிரமிளா படிப்பது என்று சொன்னால் போதாது, நடிப்பார். செல்விக்கு ஒரு குரல், போலீஸ் துரைக்கு ஒரு குரல், வில்லனுக்கு மட்டும் தன் கம்பெனி சூப்பர்வைசரின் குரல். நடுநடுவே செல்வியோடு சண்டையும் உண்டு. “பின்னால பாருடி பைத்தியம்! அங்கதான நிக்கிறான்! இவளுக்கு எத்தன தடவதான் சொல்றது சார்?” சிவநேசன் பக்கத்தைவிட்டுக் கண் எடுக்கமாட்டார். “ஆமா” என்பார்.

“வெளங்குது சார். எல்லாம் வெளங்குது அவருக்கு. வாய்தான் மாட்டிக்கிச்சு” என்று பிரமிளா என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். நானும் நூறு தடவை தலையாட்டியிருக்கிறேன். உள்ளுக்குள் நம்பினேனா என்றால், இல்லை.

நம்பாத இன்னொருவர் பெரிய அண்ணன் தங்கராஜு. பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் இருக்கிறார். கெட்டவர் இல்லை. போன மாதம் ஒருநாள் காலையில் சிவநேசன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பிரமிளா பஸ்ஸில் போயிருக்கும்போது பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு ரோஹானா சந்தைக்குப் போயிருந்த நேரம் அது. செய்தி கேட்டுப் பாலம் தாண்டி ஓடி வந்த தங்கராஜு, நெற்றிக் காயத்தைப் பார்த்துக் கூடத்தில் உட்கார்ந்து அழுதார். அடுத்த வாரமே தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பேசி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். நடுவில் நியாயம் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஞாயிறு மாலை சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சிவநேசனின் சக்கர நாற்காலி வழக்கம்போல டிவியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தங்கராஜு இல்லத்தின் விளம்பரத் தாளை மேசையில் விரித்தார். மரம், கட்டில், வெள்ளை உடுப்புப் போட்ட நர்ஸ், எல்லாம் வண்ணத்தில்.

“நீ காலைல அஞ்சு மணிக்குப் போனா ஒம்பது மணிக்கு வர்ற. மறுபடி ஆறரைக்கு ஒரு ட்ரிப். எடையில அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? அவனையே கேட்டுட்டேம்மா. சரின்னுட்டான்.”

“என்னா கேட்டீங்க?”

தங்கராஜு திரும்பி, டிவி பக்கம் குரலை உயர்த்தினார். “தம்பி, அண்ணன் வீட்டுப் பக்கத்துல அந்த ஹோமுக்கு வர்றியா?”

“ஆமா.”

“கேட்டியா?”

பிரமிளா அசரவில்லை. “சின்னண்ணே, இங்கயே என்கூட இருக்கியா?”

“ஆமா.”

தங்கராஜுதான் மெதுவாகச் சொன்னார்: “இதத்தாம்மா நான் சொல்றேன். அவனுக்கு ஒண்ணும் வெளங்கல. நாமதான் முடிவெடுக்கணும்.”

பிரமிளாவின் முகம் சிவந்து போயிற்று. விருட்டென்று எழுந்தார். “அஞ்சரை ஆச்சு. நான் படிக்கணும். படிச்சுட்டு வந்து பேசறேன்” என்று நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு நாலாவது தொகுப்பு. மற்ற மூன்றும் தடி, இது ஒல்லி, இரண்டே இதழ்கள்தான். முதல் இதழை முந்தின நாளே முடித்திருந்தார். அதில் செல்வி வலது தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு மீனவர் குடிசையில் படுத்திருப்பாள். பிறகு ஒற்றைச் சிறகால் ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்து வில்லனைப் பிடிப்பாள், முற்றும். இப்போது இரண்டாவது இதழ், கலங்கரை விளக்கக் கதை. கோபத்தில் வில்லன் சிரிப்புக்கூட இல்லாமல் கடகடவென்று படித்தார். விளக்கில் தீப்பிடிக்கிறது. செல்வியின் வலது சிறகு எரிகிறது. அவள் கடலில் விழுகிறாள். கடைசிக் கட்டத்தில் அலையும் ஒரு சிவப்பு இறகும். தொடரும்.

“அவ்வளவுதான் சார்” என்று என் பக்கம் திரும்பினார் பிரமிளா. “இதுக்கு அடுத்தது வரவே இல்ல. ரசாக் கடைக்கு நாங்க நடையா நடந்தோம். செத்துட்டா போலன்னு நான் மூணு நாளு அழுதேன்.” புத்தகத்தை மூடப் போனார்.

மூட முடியவில்லை. சிவநேசனின் இடது கை நடுவில் புகுந்திருந்தது.

“ஆமா, ஆமா!” பக்கங்களைக் கொத்தாகப் பிடித்துப் புரட்டினார்.

“டென்ஷனாவுறான், புத்தகத்த எடுத்துரு” என்றார் தங்கராஜு.

“சும்மா இருங்கண்ணே!”

முதல் பக்கம் வந்தது. செல்வியின் தோள் கட்டின்மேல் விரலை வைத்துத் தட்டினார் சிவநேசன். பிறகு மொத்தப் புத்தகத்தையும் தள்ளிக் கடைசிக்குப் போனார், எரியும் வலது சிறகைத் தட்டினார். மறுபடி முதல் பக்கம், கட்டு. மறுபடி கடைசி, நெருப்பு. “ஆமா” என்று தங்கையின் முகத்தைப் பார்த்தார். வியர்த்திருந்தார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிரமிளா இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ சாமி! சிறகு எரிஞ்சு விழுந்ததாலதான கட்டுப் போட்டிருக்கா! இதுதான் மொதல்ல வரணும், அது அப்புறம்! சார், அவ சாகல சார்! ஒத்தச் சிறகு ஏதோ ஸ்டைலுன்னுல்ல நெனச்சோம்! மாத்திக் கட்டிட்டாங்க சார்!”

தங்கராஜு எழுந்து வந்தார். புத்தகத்தை வாங்கி, கட்டின முதுகைத் தடவிப் பார்த்தார்.

“நான்தாம்மா” என்றார். “ரசாக் கடையில நான் வேலைக்கு இருந்தப்போ பைண்டிங்குக்கு நான்தான் எடுத்துட்டுப் போவேன். லெபோ ஆச்சே தெருவுல ஒரு பெரியவரு, அரபு எழுத்துல வர்ற ஜாவி கித்தாபு கட்டுறவரு. அவருக்குத் தமிழ் தெரியாது. அவங்க புத்தகத்துக்கு வலது பக்கந்தான் மொத பக்கம். மத்த மூணுக்கும் நான் பக்கத்துல நின்னு அடுக்கிக் குடுத்தேன். இதுக்கு மட்டும் வச்சுட்டுப் பந்து வெளையாட ஓடிட்டேன். அவரு வழக்கத்துல மொத இதழக் கொண்டுபோயி கடைசில வச்சுட்டாரு.” தம்பியைப் பார்த்தார். “நாப்பது வருஷம். நம்ம மூணு பேருல இவன்தான் கண்டுபிடிச்சிருக்கான்.”

பாலத்தை நீதான் கட்டினாயா என்று கேட்டவன் நான். அந்த மனிதரின் முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தேன்.

பிரமிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடிசை வரும் இதழை முதலிலிருந்து மறுபடி படித்தார். குடிசையில் செல்வி கண் விழித்தாள், எழுந்தாள், ஒருபக்கமாகச் சாய்ந்து பறந்தாள். சூப்பர்வைசர் குரலில் வில்லன் மன்னிப்புக் கேட்டான். முற்றும் என்று வந்ததும் புத்தகத்தை அண்ணன் மடியில் வைத்தார். நாற்காலியின் பிரேக்கை எடுத்தார். ஒரே வளைப்பில் டிவியைவிட்டுத் திருப்பி, மேசைக்குக் கொண்டுவந்தார். தங்கராஜு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு இடம் விட்டார்.

விளம்பரத் தாளை எடுத்துச் சிவநேசனின் இடது கை எட்டும் இடத்தில் நேராக வைத்தார் பிரமிளா. அவர் மரத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

தங்கராஜுதான் கேட்டார், இந்த முறை குரலை உயர்த்தாமல். “போறியாடா தம்பி?”

“ஆமா” என்றது வாய். கை அந்தத் தாளை மேசைமேல் தேய்த்துக்கொண்டே போய்த் தங்கராஜுவின் பக்கம் தள்ளிவிட்டது.