திருகோணமலையில் ரெண்டு மணி ஷிப்ட்

கப்பலில் போய்வந்தோம் என்றால் எல்லோரும் என் கையைப் பிடித்துத்தான் குலுக்குகிறார்கள். நானும் கொஞ்ச நேரம் குலுக்கவிட்டுத்தான் உண்மையைச் சொல்கிறேன். அது என் மனைவிக்குக் கிடைத்த பரிசு. ஒரகடத்தில் காருக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் அவள் லைன் லீடர். அவளுடைய லைனிலிருந்து போன சரக்கின்மேல் ஒரு வருடமாக ஒரு புகார்கூட வரவில்லை. அதற்காகக் கம்பெனி அவளையும் இன்னும் சிலரையும் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பலில் அனுப்பியது. கூட ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். அந்த ஒருவர் நான். பக்கத்துக் கிடங்கில் இத்தனை வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் எனக்குக் கிடைத்த ஒரே பரிசு ஒரு சாப்பாட்டு டப்பா. அதற்கும் மூடி சரியாக மூடாது.

காலையில் கப்பல் திருகோணமலையில் நின்றது. பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வைத்துக்கொண்டு, கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி இறக்கிவிட்டார்கள். மூன்று மணிக்குள் திரும்பாவிட்டால் கப்பல் போய்விடும் என்று இரண்டு முறை சொன்னார்கள். இரண்டாவது முறை என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

ஊர் அழகான ஊர். பாறை உச்சியில் சிவன் கோயில், கீழே எட்டிப் பார்த்தால் நேராகக் கடல். எங்கள் குன்றத்தூரில் தெருவில் மாடு திரிவதுபோல அங்கே மான் திரிகிறது. கையிலிருந்த வாழைப்பழத்துக்காக ஒரு மான் என் பின்னாலேயே வந்தது. நான் ஓடினேன். கொம்புகூட இல்லாத மான் என்று இவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

கோயில், கடைத்தெரு, வடை, பால் விடாத இஞ்சித் தேநீர் என்று சுற்றியதில் எங்கள் குழு எங்கேயோ, நாங்கள் எங்கேயோ. ஒன்றேகால் மணிக்கு எங்களைக் கப்பலுக்குக் கூட்டிப்போக வண்டி வரும் என்று சொல்லியிருந்த முனைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தோம். வெள்ளை பஸ், ஜன்னலில் நீலத் திரை, ஏறுகிறவர்கள் கழுத்திலெல்லாம் அட்டை. எங்கள் ஊரில் கம்பெனி பஸ்ஸின் போர்டைப் படிக்கிறவன் நேற்றுச் சேர்ந்தவன். மற்றவர்கள் திரையின் நிறத்தைப் பார்ப்பார்கள், ஏறுவார்கள், உட்கார்ந்த உடனே தூங்குவார்கள். நானும் இவள் கையைப் பிடித்து இழுத்து ஏறினேன். நம்ம ஆளுங்க யாரையும் காணோமே என்றாள். பின்னால் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.

பஸ் நின்றதும் விழித்தேன். கடல் இல்லை. கப்பல் இல்லை. பெரிய இரும்பு கேட், அதன்மேல் ஆடைத் தொழிற்சாலை என்று மூன்று மொழியில் போர்டு. என்னோடு வந்த பெண்கள் வரிசையாக அட்டையைக் காட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ரெண்டு மணி ஷிப்ட்டுக்கு நானும் வந்து சேர்ந்திருக்கிறேன்.

அடுத்த சில நிமிடங்களில் நான் செய்தவற்றைப் பெருமையோடு சொல்ல முடியாது. பாஸ்போர்ட் இல்லாமல் அந்நிய நாட்டில் பிடிபட்டதாகவும், சிறையில் எனக்குச் சுகர் மாத்திரை கிடைக்காததாகவும் அதற்குள் முடிவு செய்துவிட்டேன். ரோட்டுக்கு ஓடி, கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடி மாதிரி ஆட்டினேன். இரண்டு பக்கமும் முள்ளுக்காடு. வந்த ஒரே வண்டி வைக்கோல் ஏற்றிய டிராக்டர். அதுவும் எதிர்த்திசையில் போனது. அதில் ஏறக்கூட நான் தயார்.

திரும்பிப் பார்த்தால் இவள் பஸ் நிழலில் நின்று, ஒரு சூப்பர்வைசர் அம்மாவிடம், ஒரு லைனுக்கு எத்தனை மிஷின் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“யோவ், வந்து ஒக்காரு,” என்றாள். நாலு பேர் முன்னால் ‘என்னங்க’ என்று கூப்பிடுகிறவள்.

“கப்பல் பூடும்மா.”

“உள்ள போறவங்கள எறக்கினா, வெளிய வர்றவங்கள ஏத்திக்கினுதானே போவணும்? காலி பஸ்ஸ எந்தக் கம்பெனி ஓட்டுது? ரெண்டேகாலுக்கு வண்டி டவுனுக்குத் திரும்புது. டிரைவராண்ட கேட்டுட்டேன்.”

“எப்பக் கேட்ட?”

“ஊரத் தாண்டனதுமே. எல்லார் மடியிலயும் சாப்பாட்டுப் பை கீது, ஒருத்தர் கையிலயும் கேமரா இல்ல. நடுக்காட்டுல எறங்கி இன்னா பண்றது?”

“என்ன எழுப்பக் கூடாதா?”

“எழுப்பினா இன்னா பண்ணுவ? இத்தத்தான் பண்ணுவ.”

அட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பஸ் முதலில் ஷிப்ட் முடிந்து ஏறிய பெண்களை அவரவர் கிராமத்தில் இறக்கிவிட்டுக் கடைசியில்தான் டவுனுக்குப் போகும். அப்படிப் போனால் மூன்றரை. நேராகத் துறைமுகம் போனால் மூன்றுக்குள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவர்களிடம், உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள் என்று யார் கேட்பது? எங்கள் பஸ்ஸில் ஒருவன் மருந்துக் கடையில் இரண்டு நிமிடம் நிறுத்தச் சொன்னால், பின் சீட்டிலிருந்து அவன் பரம்பரைக்கே திட்டு விழும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இவள் எழுந்து நின்றாள். ஷிப்ட் ஆரம்பிக்குமுன் தன் லைனில் பேசுவாளே, அதே குரல். தான் ஒரு லைன் லீடர் என்றாள். எட்டு மணி நேரம் முடிந்தபின் இந்தப் பஸ்ஸில் ஒவ்வொரு நிமிடமும் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றாள். தப்பு எங்களுடையது, இருந்தாலும் கேட்கிறேன் என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ‘எங்களுடையது’ என்றுதான் சொன்னாள்.

நடு சீட்டில் இருந்த ஒரு பெண் டிரைவரைக் கூப்பிட்டாள்.

“அண்ணை, நேரா துறைமுகத்துக்கு விடுங்கோ. அக்கா, நீங்கள் இருங்கோ. யோசிக்காதேங்கோ.”

யாரும் மறுக்கவில்லை. அவரவர் நிறுத்தத்தை அவரவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே அத்தனை பேரும் எங்களோடு வந்தார்கள். இவள் ஒவ்வொரு சீட்டாகப் போய்ப் பேசினாள். நிற்பதால் கால் வீங்கினால் என்ன செய்கிறார்கள், மாதவிலக்கு நாளில் உட்கார ஸ்டூல் தருகிறார்களா என்றெல்லாம். இறங்கும்போது எல்லோரும் அவளுக்குக் கையாட்டினார்கள். நானும் திரும்ப ஆட்டினேன். எனக்கு யாரும் ஆட்டவில்லை.

கப்பல் ஏணி அருகே நின்ற ஊழியர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுக்கு ஆறு நிமிடம் இருந்தது. மேல்தளத்தில் இவளுடைய கம்பெனி ஆட்கள் சூழ்ந்துகொண்டு எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். சும்மா சுத்திப் பாத்தோம் என்று சொல்லிவிட்டு இவள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். விடுவேனா நான்? டிராக்டரில் ஆரம்பித்து முழுக்கதையையும் சொன்னேன். இரவுச் சாப்பாட்டில் பக்கத்து மேசைக்குச் சொன்னேன். மறுநாள் கப்பல் சமையல்காரருக்குச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கதையில் நான் இன்னும் கொஞ்சம் அதிகமாக நடுங்கினேன், கடைசியில் முள்ளுக்காட்டில் அழவே அழுதேன். நான் அவ்வளவு அழுதால்தான், பஸ்ஸில் அவள் எழுந்து நின்றது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கிறவர்களுக்குப் புரிகிறது.