‘இன்ஃபிளேட்டட்’ என்றவருக்கு நான் சொன்ன நன்றி

ஆங்கிலத்தை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்கவில்லை. கொழும்பு மருதானையில் ஒரு டயர்க் கடையில் உழைத்த காலத்தில், சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத் தாள்களையும் டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த எழுத்துகளையும் கூட்டிக் கூட்டி வாசித்து, பின்னர் பத்திரிகைக்கு முன்னேறியவன் நான். ஆகவே ‘இன்ஃபிளேட்டட்’ என்னும் சொல் எனக்கு அகராதியிலிருந்து வரவில்லை; காற்றுக்குழாயின் வாயிலிருந்து வந்தது. உரிய அளவுக்குக் காற்று நிரம்பிய டயர் பாரத்தைத் தாங்கும், திருப்பத்தில் வழுக்காது, வண்டிக்காரனை வீடு சேர்க்கும். அப்படிப்பட்ட சொல்லில் வசை இருக்கக்கூடும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் ஐந்தாம் தளத்தில் நானும் என் மனைவியும் வசிக்கிறோம். பாரிசவாதத்தால் அவருடைய இடது கால் வலுவிழந்தபின், சக்கர நாற்காலியில் வைத்துக் கிழமைதோறும் களுபோவில ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைக்காகக் கூட்டிச் செல்வேன். மழைக்காலம் தொடங்கிய வேளையில் எங்கள் லிஃப்ட் நின்றுபோனது. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் எங்கள் மருமகனும் காவலாளியும் அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்திப் படிவழியே இறக்கினார்கள். ஒரு நாள் படி திரும்பும் இடத்தில் மருமகனின் கால் சறுக்க, கதிரை சுவரோடு மோதியது. காயம் எதுவும் இல்லை. ஆனால் வீடு திரும்பியதும் என் மனைவி முடிவாகச் சொன்னார்.

“நான் என்ன, அரிசி மூட்டையே? லிஃப்ட் ஓடினால் வாறன். இல்லாட்டி இஞ்சையே இருக்கிறன்.”

சிகிச்சை நின்றது. முழங்கால் இறுகத் தொடங்கியது. காலையில் எண்ணெய் தடவி நான் அதை மடக்க முயலும்போது, அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

தொடர்மாடிச் சங்கத்தின் கூட்டம் கீழே வாகனத் தரிப்பிடத்தில் நடந்தது. சங்கத் தலைவர் என்னிலும் மிக இளையவர். முதலாம் தளத்தில் குடியிருப்பவர். என் மனைவி ஐந்தாம் மாடியில் சிறையிருக்கிறார் என்றும், லிஃப்டைத் திருத்தாத ஒவ்வொரு கிழமையும் அவருடைய காலைத் தின்கிறது என்றும் நான் எழுந்து நின்று கூறினேன். தலைவர் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

“அங்கிள், இது கொஞ்சம் இன்ஃபிளேட்டட் கம்ப்ளெயின்ட்.”

“தேங்க் யூ,” என்றேன்.

என் முறைப்பாடு நிறைவாக இருக்கிறது, ஓடத் தயாராக இருக்கிறது என்றே விளங்கிக்கொண்டேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நானும் சேர்ந்து புன்னகைத்தேன்.

படியேறும்போது, மூன்றாம் தளத்தில் வசிக்கும் முஸ்லிம் வியாபாரி, புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். “ஐயா, அவர் ஒங்கள மெச்செல்ல. ஊதிப் பெரிசாக்குறீங்க எண்டுதான் செல்றார்.”

மிச்சப் படிகளை எப்படி ஏறினேன் என்பது நினைவில்லை. மனைவியிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார். “பரவாயில்லை. நன்றி சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். சொல்லை மட்டும் விட்டுக் குடுக்காதேங்கோ.”

அதன்பின் அந்தச் சொல்லை நான் பத்திரிகைகளில் தேடத் தொடங்கினேன். விலை இன்ஃபிளேட்டட், பில் இன்ஃபிளேட்டட், ஒருவன் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் இன்ஃபிளேட்டட். ரப்பரை விட்டு மனிதரிடம் வந்த கணத்திலேயே அது குற்றவாளியாகிவிடுகிறது. தமிழிலும் நாம் சளைத்தவர்களல்லர். கோபித்திருப்பவர் முகத்தை உப்பி வைத்திருக்கிறார் என்கிறோம். சோர்ந்தவரைக் கண்டால் காற்றுப் போய்விட்டது என்கிறோம். நிரம்பினாலும் குறை, இறங்கினாலும் குறை. நான் இதை ஏற்கவில்லை. ஆஸ்பத்திரியில் தாதி என் மனைவியின் புயத்தில் பட்டியைச் சுற்றிக் காற்றை அடித்து ஏற்றினால்தான் இரத்த அழுத்தம் தெரியவரும். படுக்கைப்புண் வராதபடி அவர் நாள் முழுவதும் இருப்பது காற்றடைத்த மெத்தைமீது. பேத்தியின் பிறந்தநாளுக்குக் கொட்டாஞ்சேனையில் நான் மூச்சு முட்ட ஊதிய பலூன்களில் ஒன்றாவது பொய் சொன்னதில்லை. உள்ளே இருப்பது இல்லாததென்று வெளியே நிற்பவர் தீர்ப்பளிப்பதுதான் அந்தச் சொல்லைக் கெடுத்தது.

இந்நிலையில் சங்கம் கட்டடத்தின் வெளிச்சுவருக்கு வர்ணம் பூச முடிவெடுத்தது. லிஃப்ட் பிறகு பார்க்கலாமாம். வீட்டுச் சொந்தக்காரர்களுள் பெரும்பான்மையினர் நேரில் கை உயர்த்தினால்தான் எந்த வேலையும் தொடங்கலாம் என்பது சங்கத்தின் விதி. பலர் கனடாவிலும் லண்டனிலும் இருந்தபடியால் ஒரு கை குறைந்தது. தலைவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கீழே வந்து ஒரு கணம் கையைத் தூக்கிவிட்டுப் போகலாம் என்றார்.

“தம்பி, வீடு என்ரை இல்லை. சீதன வீடு. அவவின்ரை பேரிலைதான் கிடக்கு. இவ்வளவு நாளும் அவவுக்காக நான் வந்தனான். இனி வரமாட்டன். சொந்தக்காரியின்ரை கை வேணுமெண்டால் மேலை வாங்கோ.”

யாழ்ப்பாணத்தில் என் மனைவியின் தகப்பனார் சீதனமாக எழுதிக்கொடுத்த காணியை விற்று வாங்கிய வீடு இது. வீட்டின் உறுதிப் பத்திரத்தில் என் பெயர் இல்லாததை நண்பர்கள் சிலர் முன்பு கேலி செய்ததுண்டு. அன்று அதைவிடப் பெருமையான விடயம் எனக்கு இருக்கவில்லை.

தலைவரும் கூட்டத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்களும் மேலே வந்தார்கள். வேறு வழியில்லை. துணிக்கடைக்காரர் முதலில் நுழைந்தார். தலைவர் கடைசியாக, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து, கன்னம் இரண்டும் உப்ப மூச்சுவிட்டபடி வந்து வாசலில் நின்றார். என் மனைவி தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“இருங்கோ தம்பி. நல்லா இளைக்குது போலை. உண்மையா இளைக்குதோ, இல்லாட்டி இதுவும் இன்ஃபிளேட்டடோ?”

“அன்ட்டி, பகிடி விடாதேங்கோ,” என்றார் அவர்.

“பகிடி இல்லை. நீங்கள் ஒருக்கா ஏறி வந்திட்டியள். எனக்கு ஒருக்காவும் இறங்கேலாது. பெயின்டுக்கு நான் கை தூக்கமாட்டன். லிஃப்டுக்கு எண்டால் இப்பவே தூக்கிறன்.”

தூக்கினார், வலக்கை, தோளுக்கு மேலே, இறக்காமல். துணிக்கடைக்காரர் தமது கையையும் உயர்த்தினார். சற்றுத் தயங்கி மற்றவர்களும் உயர்த்தினார்கள். தலைவர் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உயர்த்தினார்.

லிஃப்ட் இப்போது ஓடுகிறது. களுபோவிலவுக்கு மீண்டும் போனபோது, சிகிச்சை அளிக்கும் பெண் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, முன்பு மடங்கிய அளவு இனி வருமோ தெரியாது என்றார். திரும்பி வந்து கீழே லிஃப்டுக்காக நின்றோம். தலைவரும் வந்து சேர்ந்தார். எல்லாம் நல்லபடி முடிந்ததே, ‘சிறை’ என்று நான் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கினால் சங்கத்துக்கு மரியாதையாக இருக்கும் என்று பணிவாகத்தான் கேட்டார்.

“இவவின்ரை கால் பழையபடி மடங்கிற அண்டைக்கு வந்து கேளுங்கோ, தம்பி,” என்றேன். “அண்டைக்கும் யோசிச்சுத்தான் சொல்லுவன்.”

கதவு திறந்தது. என் மனைவி தமது சக்கரங்களைத் தாமே உருட்டி, தலைவருக்கு முன்னால் உள்ளே போனார்.