சாதா வட்டு

கண்ணாடிக்காரரின் பையில் விலை உயர்ந்த வட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பூங்காவில் கூடும் வட்டெறிக் கூட்டத்தார் அனைவருக்கும் அது தெரியும். கேலி செய்ய வேறு விஷயம் அகப்படாத நாட்களில் அதுவே அவர்களுக்குக் கைகொடுக்கும்.

விளையாட்டு எளிதானது. மரங்களுக்கிடையே ஆங்காங்கே இரும்புக் கம்பம் நட்டு, அதில் ஒரு கூடையையும், கூடைக்கு மேலே சங்கிலிகளையும் பொருத்தியிருப்பார்கள். சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே சிறிய பிளாஸ்டிக் வட்டை வீசி, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் அந்தக் கூடைக்குள் விழச் செய்ய வேண்டும். வட்டுகளில் உயர்ந்த சரக்கு பளபளவென்று ஒளி ஊடுருவ மின்னும். மரத்தில் மோதினாலும் எளிதில் காயப்படாது. சாதா பிளாஸ்டிக் அப்படியல்ல. மங்கலாக இருக்கும், கையில் சொரசொரக்கும், ஒரு பருவம் ஆடினாலே விளிம்பெல்லாம் பல் விழுந்துவிடும்.

"என்ன அத்தான் இது, நாய் கடிச்சுப் போட்டது மாதிரி இருக்கு?" என்பான் அவருடைய மைத்துனன்.

"நாய்க்கே பிடி கிடைச்சிருக்கு பாரு. எனக்குக் கிடைக்காதா?"

கண்ணாடிக்காரர் சொல்லும் காரணங்கள் அத்தனையும் நியாயமானவை. பனி ஈரத்திலும் சாதா வட்டு கையை விட்டு வழுக்காது. சங்கிலியில் பட்டால் தெறித்து ஓடாமல் சிக்கிக்கொள்ளும். தரையில் விழுந்தால் விழுந்த இடத்தருகிலேயே அடங்கிவிடும். அடிபட அடிபட அதன் போக்கு மாறும். புதிதில் முரண்டு பிடித்து இடப்பக்கம் சாய்ந்தது, பழகியபின் நேர்கோட்டில் போகும். குளத்தில் விழுந்து தொலைந்தாலும் அன்றைய சோறு இறங்காமல் போகாது. இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுப் பூங்காவில் வேறு சிலரும் சாதா வட்டுக்கு மாறியிருந்தார்கள்.

சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அவருடைய வலக்கையின் விரல்களுக்கு இப்போதெல்லாம் அந்தச் சொரசொரப்பு ஒன்றுதான் தெரிந்தது.

அவர் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். இளம் வயதில் பட்டறையில் சேர்ந்து, வெட்டவும் தேய்க்கவும் சுமக்கவும் பழகி, முதலாளி காலமானபின் அந்தப் பட்டறையையே ஏற்று நடத்துபவர். சில ஆண்டுகளாக மனைவியின் ஒரே தம்பியான இந்த மைத்துனன்தான் அவருக்கு இணை. பெரிய கண்ணாடியைத் தனியாள் தூக்க முடியாது. சமதரையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் உறிஞ்சுபிடிகள் உதவும். மாடிப்படியில் விளிம்பை விரல்களே தாங்கியாக வேண்டும். அனுபவம் மிகுந்தவர் மேலே பின்னோக்கி ஏறி வழி பார்ப்பார். வலுவானவன் கீழே நின்று பாரத்தைத் தள்ளுவான். மேலிருப்பவரின் பிடி நழுவினால் அத்தனை எடையும் கீழே நிற்பவனின் நெஞ்சுக்குத்தான் வரும்.

அதற்காகவே அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. தூக்குமுன் கீழே நிற்பவன், "பிடிச்சாச்சா?" என்று கேட்பான். காகிதம் ஒட்டிய கண்ணாடி இருவருக்கும் நடுவே சுவராக நிற்பதால் ஒருவர் கை மற்றவருக்குத் தெரியாது. மேலிருந்து, "பிடிச்சாச்சு" என்ற பதில் வந்தபிறகே கண்ணாடி தரையைவிட்டு எழும். அந்தச் சொல்லை நம்பித்தான் கீழே ஓர் உடம்பு நிற்கிறது.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவர் அந்தச் சொல்லை விரல்களைக் கேட்காமலே சொல்லிவந்தார்.

முதலில் மரத்துப்போனது சுண்டுவிரல்தான். தூக்கத்தில் கை அமுங்கியிருக்கும் என்று உதறிவிட்டார். பிறகு சட்டைப் பொத்தான் போடுகையில் விரல் அதைத் தேடியது. ஒருநாள் காப்பித் தம்ளர் கையிலிருந்து விழுந்தபோது மனைவி, "கனவுலயே இருங்க. கண்ணாடியையும் இப்படித்தான் பிடிக்கிறீங்களா?" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவர் பட்டறையில் கையுறைக்குள் விரல்களை இறுக்கி இறுக்கிப் பிடித்தார். தெரியாத இடத்தில் வலுவைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு. வைத்தியரிடம் போகவில்லை. போனால், வேலையை விடச் சொல்வார். போகாதவரை எதுவும் நிச்சயமில்லை அல்லவா?

இந்தப் பயத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் சாதா வட்டு. காலையில் எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பையிலிருந்து பழைய வட்டு ஒன்றை எடுப்பார். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுவார். மரத்தில் மோதியதால் ஏற்பட்ட பெரிய பள்ளம் ஒன்று அதில் உண்டு. விரல் அங்கே தட்டுப்படும். 'தெரிகிறது' என்று மூச்சு விடுவார். பிறகு வேலைக்குப் புறப்படுவார். வாசலில் மனைவி வழக்கம்போல், "தம்பியப் பத்திரமாக் கூட்டிட்டு வாங்க" என்பாள். அது வெறும் வாய்வழக்கம்தான். ஆனாலும் அந்த மழைக்காலத்தில் அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் செருப்பைக் குனிந்து தேடினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் புதிய வட்டு ஒன்றை நீட்டினான். நீலநிறம், வெயிலில் பிடித்தால் மறுபக்கத்து மரம் தெரிந்தது.

"கண்ணாடிக்காரருக்குக் கண்ணாடி டிஸ்க். இன்னைக்கு இதுலதான் ஆடணும், சொல்லிட்டேன்."

"எதுக்குடா மாப்ள இதெல்லாம்?"

"உங்க கஞ்சத்தனத்தால என் மானம் போகுது அத்தான். அக்கா மேல ஆணை, வீசுங்க."

மறுக்க வழியில்லை. கூட்டம் கைதட்டியது. புல்லில் பனி காயவில்லை. வட்டை வாங்கியவருக்கு அது கையில் இருப்பதாகவே தோன்றவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் விரல்களை மடக்கினார். மைத்துனன் வலப்புறம் சற்று முன்னால் போய், "எங்க, பாப்போம்!" என்றபடி நின்றான். அவர் கையைப் பின்னே இழுத்துச் சுழற்றினார்.

விர்ரென்ற ஓசை கேட்டது. மைத்துனன் சட்டென்று குனிந்தான். அவன் காதோரம் பறந்த வட்டு பின்னாலிருந்த மரத்தில் அறைந்து, கீறலின்றிப் புல்லில் விழுந்தது.

"யப்பா! சொத்துத் தகராறு எதுவும் இல்லையே அத்தான்? இருந்தா வாயால பேசித் தீத்துக்கலாம்!" என்றான் அவன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கண்ணாடிக்காரரும் சிரிப்பதுபோல் வாயைத் திறந்தார். குறி தவறுவது யாருக்கும் நேர்வதுதான். அவரை உலுக்கியது வேறு. வட்டு போய் மரத்தில் அறைந்த பிறகும், அது இன்னும் தம் கையில்தான் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தபோது விரல்கள் ஒன்றுமில்லாததை இறுக்கிப் பிடித்திருந்தன.

மறுநாள் காலை கண்ணை மூடிக்கொண்டு பழைய வட்டைச் சுற்றி விரலை ஓட்டினார். ஒரு சுற்று முடிந்தது. மறுபடியும் ஓட்டினார். பள்ளம் தட்டுப்படவில்லை. வேறு வட்டை எடுத்துவிட்டோமோ என்று கண்ணைத் திறந்தார். அதே வட்டுதான். பள்ளத்தின்மேலேயே விரல் இருந்தது.

அன்றைய வேலை ஒரு பல் மருத்துவமனையின் முதல் மாடியில். ஆளுயரத்தைத் தாண்டிய தடித்த கண்ணாடி. படி குறுகலானது, நடுவில் ஒரு திருப்பம். கண்ணாடியைப் படியடியில் கட்டைகள்மேல் சாய்த்து வைத்தார்கள். மேலே வரவேற்பறையில் யாரோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் கையுறையை மாட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தவாறு கீழ்முனைக்குப் போனான். கண்ணாடிக்காரர் இரண்டு படி ஏறித் திரும்பி நின்று, மேல்விளிம்பின் அடியில் விரல்களைக் கொடுத்தார். விரல்கள் விளிம்பில் இருப்பதைக் கண்தான் சொன்னது. தூக்கிவிட்டால் கண் வழியைப் பார்க்க வேண்டும். கையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"பிடிச்சாச்சா?"

வாய் பழக்கத்தில் திறந்தது. அவர் அதை மூடிக்கொண்டார்.

"அத்தான், பிடிச்சாச்சா?"

இந்த ஒரு கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்லலாமே என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. ஒவ்வொரு கண்ணாடிக்கும் அது அப்படித்தான் கெஞ்சியிருந்தது. மைத்துனனின் முகம் அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியின் கீழே அவன் காலணிகள் மட்டும் தெரிந்தன. ஒன்றில் கயிறு சரியாகக் கட்டப்படவில்லை.

"பிடிக்கல" என்றார்.

"அப்போ பிடிங்க. நான் என்ன பல்லு பிடுங்கவா வந்திருக்கேன்?"

"பிடிக்க முடியல மாப்ள. விரல் தெரியல. நேத்து டிஸ்க் கையை விட்டுப் போனதே எனக்குத் தெரியாது. கண்ணாடிய விடு. தூக்காத."

காலணிகள் நகர்ந்தன. மைத்துனன் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு வந்தான். சிரிப்பு முழுவதும் போய்விடாத முகம்.

"எத்தனை நாளா?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

அவன் வாய்க்குள் ஏதோ எண்ணினான். பள்ளிக்கூடத்துச் சன்னல்கள். துணிக்கடை முகப்பு. கைப்பிடியே இல்லாத படியில் மூன்றாவது மாடிக்கு ஏற்றிய கண்ணாடி. எண்ண எண்ண முகம் வெளுத்தது. கீழ்ப்படியில் மெல்ல உட்கார்ந்தான். கையுறையைக் கழற்றினான்.

"ஒவ்வொரு தடவையும் பிடிச்சாச்சுன்னீங்களே அத்தான்."

"சொன்னேன்."

"நான் கீழ நின்னேன்."

"ஆமா."

மேலே தொலைபேசிப் பேச்சு முடிந்து, "கண்ணாடி வந்தாச்சா?" என்று ஒரு பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள். மைத்துனன் எழுந்து கண்ணாடி சரியாதபடி கட்டைகளைத் தள்ளிச் சரிபார்த்தான். பிறகு அவரிடம் வந்து வலக்கையுறையைத் தானே உருவினான். அவர் விரல்களைத் தன் கைக்குள் வைத்து இறுக்கினான்.

"இது தெரியுதா?"

"கட்டைவிரல்ல தெரியுது."

இன்னும் இறுக்கினான். அவன் கணுக்கள் வெளுத்ததை அவர் பார்த்தார்.

"மத்த விரல்ல?"

தெரிகிறது என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. அவர் கண்ணை மூடினார், காத்திருந்தார்.

"இல்ல" என்றார்.