ஏழரை ஓல்வென்

வேல்ஸ் பள்ளத்தாக்கின் அந்த மேல்தெருவில் ப்ராசர் என்ற பெயரில் மூன்று வீடுகள். பட்டப்பெயர் இல்லாவிட்டால் தபால்காரனே தடுமாறிப் போவான். பால் ஊற்றியவர் வீடு பால் ப்ராசர். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் வீடு ஆர்கன் ப்ராசர். மூன்றாவது வீட்டுக்காரிதான் ஏழரை ஓல்வென். காலை ஏழரைக்கு மேல் அவள் வீட்டில் இஸ்திரிப்பெட்டியும் சூடாகாது, துணி மெஷினும் சுற்றாது என்பதால் வந்த பெயர். நம்மவர்களுக்கு ஏழரை என்றால் சனி ஞாபகம் வரும். அங்கே யாருக்கும் அப்படி ஒன்றும் தெரியாது. ஆனாலும் பெயர் பொருந்தித்தான் இருந்தது.

ஓல்வென், ரொட்டிக்கடை வில்ஃபின் இரண்டாவது மகள். மூத்தவள் சீக்கிரமே கல்யாணமாகிக் கார்டிஃபுக்குப் போய்விட்டாள். அடுத்துப் பிறந்த பையனுக்கு மாவுத்தூசி ஆகாது, தும்மிக்கொண்டே இருப்பான். ஆக, விடியுமுன் மாவு பிசைய அப்பாவுக்கு அகப்பட்டவள் இவள்தான். கெதின் ப்ராசரை இவளுக்குப் பிடித்துப்போய்க் கட்டிக்கொள்ள ஒரு காரணம், சுரங்கத்தில் அவருக்குப் பிற்பகல் ஷிப்ட். இனிமேலாவது விடிந்த பிறகு எழலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கெதினுக்கு நெஞ்சு கெட்டு, கரியடுப்புப் புகை ஆகாது என்று ஆனபோது, சுவரோரம் செங்கல் அடைத்த மின்சார ஹீட்டர்கள் வந்தன. ராத்திரி முழுக்க அவை சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு பகலில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கூடவே ராத்திரி விலையும் வந்தது. நள்ளிரவு தாண்டி ஏழு மணி நேரம் மின்சாரம் பாதி விலை. ஏழரைக்கு அது முடியும். மற்ற நேரமெல்லாம் ஊரார் கொடுப்பதை விட அதிக விலை.

அன்றிலிருந்து ஓல்வென் ஐந்து மணிக்கு எழுந்தாள். துவைத்தாள், இஸ்திரி போட்டாள், கேக் சுட்டாள், எட்டரைக்குப் பள்ளிக்கூடச் சமையலறைக்குக் கிளம்பினாள். சாயங்காலம் ஹீட்டர் ஆறிப்போன வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்ததும் தலை தொங்கிவிடும். கெதின் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். பாதிக் கதையில் அவள் குறட்டை கேட்கும். பதினோரு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

ஜூன் மாதம் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. மீட்டர் பழசாகிவிட்டது, வியாழக்கிழமை மாற்ற ஆள் வரும், இரட்டை விலையே வேண்டுமா, ஒரே விலை போதுமா என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

கெதினின் தங்கை மென்னா திங்கட்கிழமை வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

"ஒரே விலைக்கு மாறிடுங்க அண்ணி. மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தீங்களா? மழையில காயப்போட்டு மறந்த துணி மாதிரி இருக்கு."

"உங்க அண்ணன் என்னைக் கட்டும்போதும் இதே மூஞ்சிதான்" என்றாள் ஓல்வென்.

"அவன் கண்ணுல அப்போ கரித்தூசி."

கீழறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்த கெதின் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மாடிப்படி ஏற முடியாமல் போனதிலிருந்து அவருக்கு அந்த அறைதான். படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் அலமாரி, அதை ஒட்டி அவர் தலைமாடு.

"சரி, கணக்குப் போட்டுப் பாத்துரலாமா?" என்றாள் மென்னா.

ஓல்வென் கெட்டிலை எடுத்தாள், வைத்தாள். கணக்குப் பார்க்க அவளுக்குப் பயம். லாபம் என்று வந்தால் இன்னும் எத்தனை வருஷம் ஐந்து மணியோ! லாபம் இல்லை என்று வந்தால், எழுந்த விடியற்காலைகளை எல்லாம் யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது?

மென்னா முப்பது வருஷம் கசாப்புக்கடைக் கல்லாவில் இருந்தவள். பில்லைப் பார்க்கப் பார்க்க உதடு தானாக முணுமுணுத்தது.

"குளிர்காலத்துல இரட்டை விலை இல்லாம முடியாது அண்ணி. இந்தச் செங்கல் பொட்டிங்க அவ்வளவு இழுக்குது. ஒரே விலையில இதை ஓட்டினா நீங்க வீட்டை விக்கணும்."

"அப்போ நான் செஞ்சது சரிதானே?"

"பொறுங்க. கோடைகால பில்லைப் பாருங்க. ஹீட்டர் அணைஞ்சு கிடக்கு. ராத்திரிக் கணக்குல இருக்கறது பூரா நீங்க எழுந்து செஞ்ச வேலை. இத்தனூண்டுதான். இதையே பகல் விலைக்குப் போட்டா, வருஷத்துக்குக் கூட ஆகறது..." மென்னா விரலை மடக்கினாள். "நாலு தடவை ரெண்டு பேருக்கு மீனும் சிப்ஸும்."

"வினிகர் ஊத்தியா, ஊத்தாமலா?" என்று உள்ளேயிருந்து கெதின்.

யாரும் சிரிக்கவில்லை. மிச்சம் பிடித்தது அவள் தூங்கும்போது ஓடிய செங்கல். எழுந்து ஓடிய அவள் மிச்சம் பிடித்தது, காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும் மீன்.

"நாலு மீன்னாலும் மீன்தானே" என்றாள் ஓல்வென், தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி. "ஏழரைக்குள்ள முடிக்கணும்னு ஓடினேன், அவ்வளவுதான்."

"ஏழரையா? கோடையில எட்டரைல்ல?" என்றார் கெதின்.

"என்ன எட்டரை?"

"மலிவு முடியும்போது மீட்டர் டக்குனு ஒரு சத்தம் போடும். என் காதுகிட்டதானே இருக்கு. குளிர்காலத்துல ஏழரைக்கு அடிக்கும். மார்ச் கடைசியில ஊரே கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளிருதில்ல, மீட்டருக்கு யார் போய்த் தள்றது? அது பாட்டுக்குப் பழைய நேரத்துலயே ஓடுது. கோடையில நீ வாசல் கதவைச் சாத்திட்டுப் போற நேரத்துக்குத்தான் டக்குங்கும்."

"எத்தனை வருஷமா?"

"வந்த நாள்லேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். ரொட்டிக்கடைக்காரர் பொண்ணாச்சே, விடியக்காலம் எழுந்தாத்தான் உனக்கு நிம்மதின்னு..." கெதினின் பேச்சு அங்கேயே நின்றது. "இல்லையா, கண்ணு?"

ஓல்வென் கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். பதினோரு கோடைகள், காலைக்கு ஒரு மணி நேரம். யாரும் கேட்காமலே எழுந்து கொடுத்த தூக்கம்.

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பிடிக்காது கெதின்" என்றாள் கடைசியில். "ஒருநாள்கூடப் பிடிச்சதில்லை."

மென்னா எழுந்துபோய்த் தேநீர் போட்டாள். கெதின் போர்வை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார்.

வியாழக்கிழமை மீட்டர்காரர் வந்தார்.

"என்னம்மா, இரட்டையா, ஒத்தையா?"

"இரட்டையே இருக்கட்டும்" என்றாள் ஓல்வென். "குளிர்காலம் வருதே, செங்கலுக்கு வேணும். எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவருக்குப் புரியவில்லை. பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினார். "இது சத்தமே போடாது, நிம்மதியாத் தூங்கலாம்" என்று கெதினிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே ஓல்வென் இஸ்திரிப்பெட்டியைச் சொருகினாள், மகா அதிக விலை நேரத்தில். யாரோ பின்னால் நின்று பார்ப்பது போலக் கழுத்து கூசியது. ஒரு சட்டை மட்டும் தேய்த்துவிட்டு அணைத்தாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. ஐந்து மணிக்குக் கண் விழித்துக்கொண்டது. உடம்புக்கு யார் போய்ச் சொல்வது? மாடியறையில் புரண்டு படுத்தாள். தூக்கம் வரவில்லை. கால் இரண்டு தடவை தானாகத் தரையைத் தேடியது. இரண்டு தடவையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். எலும்பெல்லாம் கனத்தது. கீழே கெதின் இருமினார். பால்வண்டி போனது. ஏழரை ஆனது, அதுவும் தாண்டியது. அவள் எழவில்லை.

எட்டரைக்குக் கீழேயிருந்து ஒரு குரல், மூச்சு வாங்கிக்கொண்டு:

"டக்!"

ஓல்வென் கட்டிலோரம் கிடந்த செருப்பை எடுத்துத் தரையில் ஒரு தட்டு தட்டினாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.