நிற்கிறவனுக்கு ஒரு முட்டை

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். திருப்பதியில் இன்ஜினீயரிங் படிக்கும் என் பையன் லீவுக்கு வந்திருந்தான். கையில் போன். உலகத்துக் கால்பந்து டீம்களின் முதலாளிகளில் யார் நல்லவர், யார் மட்டமானவர் என்று அவனும் அவன் ஹாஸ்டல் சிநேகிதர்களும் இரண்டு நாளாக ஓட்டெடுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எண்ணெய்க் கிணறு வைத்திருக்கிறாராம், இன்னொருவர் கப்பல் வைத்திருக்கிறாராம். எத்தனை கோப்பை வாங்கினார், எத்தனை கோச்சை வீட்டுக்கு அனுப்பினார் என்பதுதான் அளவுகோல்.

"நைனா, உன் ஓட்டையும் போட்டுடறேன். சொல்லு, யாரு நல்ல ஓனரு?"

நானும் ஒரு முதலாளியின் டீமில் ஆடியவன்தான். அது அவனுக்குத் தெரியும், ஆனால் நம்புவதில்லை. என் வயிற்றைப் பார்த்தவர்கள் யாரும் நம்புவதில்லை, அவனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி எஸ்தர் சமையலறையில் தோத்தாபுரி மாம்பழம் நறுக்க ஆரம்பித்தாள். அந்த வாசனை வந்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். சித்தூர்க்காரர்களுக்கு மாம்பழ வாசனை என்றால் தோப்பு ஞாபகம் வரும். எனக்கு ஜூஸ் பேக்டரி ஞாபகம்தான் வரும். குடிபாலா ரோட்டில், மாம்பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பேக்டரி. சீசனில் டிராக்டர்கள் ஒரு மைலுக்கு வரிசையாக நிற்கும். பின்னால் தோல் மலை, கொட்டை மலை, அவற்றின்மேல் ஊரில் உள்ள ஈயெல்லாம். அந்த மலைகளுக்கு நடுவே ஒரு மைதானம் இருந்தது. பழக் கிரேட்டுகளை அடுக்கி கோல் போஸ்ட் வைப்போம். பந்து தோல் மலைக்குள் போனால் எடுத்து வருகிறவன் அன்றைக்கு இரண்டு தடவை குளிக்க வேண்டும். கோல் கீப்பர் நான் என்பதால் பெரும்பாலும் அது என் வேலையாகவே இருந்தது.

எங்களை நாங்களே புரொபஷனல் என்று சொல்லிக்கொள்வோம். பொய்யில்லை. பந்து ஆடத் தெரியும் என்பதற்காகத்தான் எனக்கு அங்கே வேலையே கிடைத்தது. காலையில் லேபிள் ஒட்டுவேன், சாயந்தரம் கோலில் நிற்பேன்.

முதலாளி முனிரத்தினம். முன்னாலே "மொதலாளி", பின்னாலே "மீசை". தலையில் நெற்றியில் தொடங்கிப் பிடரிவரை ஒரு முடி கிடையாது. அதற்கெல்லாம் சேர்த்து மீசை இருந்தது. இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் நிற்கும் என்று பேக்டரியில் பேச்சு. யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை. அவர் மீசையின் வலது நுனியைத் திருகினால் யாருக்கோ திட்டு, இடது நுனியைத் திருகினால் யாருக்கோ லீவு. நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை, மீசையைப் பார்த்துத்தான் பேசுவோம்.

கால்பந்து அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் வேலை வாங்கத் தெரியும். பேக்டரியில் எவன் சட்டை அதிகம் நனைந்திருக்கிறதோ அவன் நல்ல வேலைக்காரன். அதே கணக்கை மைதானத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். பிராக்டீஸ் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை தருவது வழக்கம். நான் சேர்ந்த முதல் வாரமே, முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏமிரா, எல்லாரும் மாடு மாதிரி ஓடிக்கினு இருக்கறாங்க. நீ கம்பத்துக்கு நடுவுல நின்னுகினே இருக்கற. நிக்கறவனுக்கு எதுக்குடா ரெண்டு முட்ட?"

அன்றிலிருந்து எனக்கு ஒரு முட்டை. எங்கள் கேப்டன் சேகர், நகரிப் பக்கம் கரும்பு போடும் குடும்பத்துப் பிள்ளை, அவன் முட்டையில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுப்பான். அதையும் ஒருநாள் பார்த்துவிட்டு, "அவனுக்குக் குடுத்தினா நீ எப்படிடா ஓடுவ?" என்று வலது நுனியைத் திருகினார். உலகத்திலேயே மட்டமான ஓனர் யார் என்று அந்த வருஷம் யாராவது என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஓட்டுப் போட்டிருப்பேன்.

நல்ல ஓனரும் பக்கத்திலேயே இருந்தார். பாகாலாவில் நாலு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா. நாங்கள் பஸ்காரம்மா என்போம். அவருடைய டீம்தான் மூன்று வருஷமாகப் பைனலில் எங்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்காருவார். ஆட்டம் முடியும்வரை வாய் திறக்க மாட்டார். முடிந்ததும் ஒவ்வொருவனிடமும் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார். எங்கள் ஆட்களிடமும் கேட்பார், அதுதான் விசேஷம். "அவங்க கீப்பர் எத்தினி முட்ட துன்றான் தெரியுமா? மூணு" என்று சேகர் ஒருநாள் ரகசியமாகச் சொன்னான். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நாலாவது வருஷமும் பாகாலாவோடு பைனல். திருப்பதியில், சனிக்கிழமை. அடுத்த புதன்கிழமை எனக்கும் எஸ்தருக்கும் சித்தூர் சர்ச்சில் கல்யாணம். எஸ்தர் குடிபாலா பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு அப்போது நல்ல முடி. நடு வகிடு எடுத்துச் சீவினால் இரண்டு பக்கமும் அலை அலையாக விழும். பெண் பார்க்கப் போனபோது எஸ்தர் வீட்டில் பிடித்துப்போனது என் வேலையுமில்லை, குடும்பமுமில்லை, முடிதான் என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பைனலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பிராக்டீஸ் முடிந்து எல்லோரும் வாயில் முட்டையோடு நிற்கையில் முதலாளி வந்தார்.

"இந்தத் தடவ தோக்க மாட்டோம். பெருமாளுக்கு வேண்டிக்கினேன்" என்றார்.

"இன்னா மொதலாளி வேண்டிக்கினீங்க?"

"ஜெயிச்சா பதினோரு தல."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. சேகர்தான் முதலில் வாயிலிருந்ததை விழுங்கினான். "மொதலாளி, தல எங்களுதாச்சே."

"டீம் எனுதுடா" என்றார் அவர்.

நான் மெதுவாகக் கையைத் தூக்கினேன். எனக்குப் புதன்கிழமை சர்ச்சில் கல்யாணம், நாங்கள் மொட்டை போடுவதில்லை, என் அம்மாவும் பாஸ்டர் ஐயாவும் என்ன சொல்வார்கள் என்றேன். அவர் யோசித்தார். அவர் யோசித்ததே அபூர்வம் என்பதால் நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திருமலையில் பெண்கள் முழு மொட்டைக்குப் பதிலாக மூன்று கத்திரி முடி மட்டும் கொடுப்பது உண்டு, அதுமாதிரி எனக்குச் செய்யக்கூடாதா என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன்.

"மூணு கத்தெரலாம் பொம்பளைங்களுக்கு. பதினொண்ணுன்னு சொல்லிட்டேன். சாமிகிட்ட சொன்னத மாத்தறதா?" வலது நுனி திருகப்பட்டது. பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. ஜெயித்தால் மொட்டைத் தலையோடு மாப்பிள்ளை. தோற்றால், அதுவும் என் கை நழுவிப் பந்து உள்ளே போனால், முடிக்காக மேட்ச்சை விட்டவன் என்ற பேர் சாகும்வரை போகாது. டீமில் யாரும் என் கையைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார்கள். சேகர் ஒருத்தன்தான் வெளிப்படையாகக் கேட்டான். "பந்து வந்தா புடிப்பியாடா?" புடிப்பேன் என்றேன். கொஞ்சம் தாமதித்துச் சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரம் குடிபாலா போய் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மொட்டையோட வந்தீங்கன்னா எங்க வீட்ல திட்டுவாங்க. அத நான் பாத்துக்கறேன். ஆனா வேணும்னே பந்த வுட்டீங்கன்னு தெரிஞ்சா, தலை நெறைய முடியோட வந்தாலும் நான் சர்ச்சுக்கு வரமாட்டேன்."

சனிக்கிழமை லாரியில் திருப்பதி போனோம். ஒரு கோலுக்குப் பின்னால் ஏழுமலை தெரியும் மைதானம். முதலாளி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு எங்கள் தலைகளை ஒருமுறை எண்ணினார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் பஸ்காரம்மா என்னைக் கூப்பிட்டார். வேண்டுதல் விஷயம் பாகாலாவரை போயிருந்தது. "பேசாம நம்ம டீமுக்கு வந்துடுப்பா. நான் தலையெல்லாம் கேக்க மாட்டேன்" என்று சிரித்தார்.

இரண்டாவது பாதியில் சேகர் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். மொட்டை அடிக்கப்போகிற தலைக்குக் கடைசி வேலை என்று பிறகு சொல்லிக்கொண்டான். கடைசி ஐந்து நிமிஷத்தில் எங்கள் ஆள் ஒருவன் கையில் பந்து பட்டு பாகாலாவுக்குப் பெனால்டி. பந்தை வைத்துவிட்டு அவர்கள் ஆள் பின்னால் நடந்தான். காற்றில் என் முடி கண்ணில் விழுந்தது. ஒதுக்கினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் சர்ச், கோட்டு சூட்டு, போட்டோ எல்லாம் கண்ணில் வந்தது. அவன் ஓடிவர ஆரம்பித்ததும் எல்லாம் போய்விட்டது. அவன் இடது கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது மட்டும்தான் இருந்தது. பாய்ந்தேன். பந்து இரண்டு கைக்குள் வந்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு பத்துப் பேரும் என்மேல் விழுந்தார்கள். அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றைக்கு இருந்த சந்தோஷம் வேறு கணக்கு, எஸ்தர் இதைப் படிப்பாள். எல்லோரும் என் முடியைப் பிடித்து ஆட்டினார்கள். பஸ்காரம்மா குடையை மடக்கிக்கொண்டு வந்து, "நல்லாப் புடிச்சப்பா. முழங்கால் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி என் எதிரே வந்து மீசையை இரண்டு கையாலும் தடவிக்கொண்டு நின்றார். எந்த நுனியையும் திருகவில்லை. பிறகு, "நாளைக்கு மலைக்குப் போறோம். நீ வராத" என்றார். அவ்வளவுதான். என் முடி தப்பித்தது என்று சந்தோஷப்படுவதா, வேலை போய்விட்டது என்று பயப்படுவதா என்று தெரியாமல் நாலு நாள் சுற்றினேன்.

புதன்கிழமை நான் பீடத்துக்கு முன்னால் நிற்கிறேன். எஸ்தர் இன்னும் வரவில்லை. பின்னால் சலசலப்பு. திரும்பிப் பார்த்தால் பத்து மொட்டைத் தலைகள், சந்தனம் பூசி, வரிசையாக உள்ளே வந்து கடைசிப் பெஞ்சுகளில் உட்காருகின்றன. பாடகர் குழுவில் பாதிப் பேர் பாட்டை மறந்தார்கள். அவர்களோடு பதினோராவதாக ஒரு வழுக்கைத் தலை, உதட்டுக்கு மேலே ஒன்றுமே இல்லாத ஒரு முகம். யாரென்று தெரியவில்லை. "யாருடா அந்த ஆளு, பொண்ணு வீட்டு ஆளா?" என்று அம்மா என் காதோடு கேட்டார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அந்த ஆள் இரண்டு கையிலும் ஒரு டிரே முட்டையை ஏந்திக்கொண்டு எதிரே நின்றார். குரலைக் கேட்டுத்தான் எனக்கு யாரென்று தெரிந்தது.

"பதினொண்ணுன்னு சொல்லிட்டேன், பத்து தான் இருக்குது. என் தலையில இன்னா இருக்குது குடுக்கறதுக்கு? இருந்தத குடுத்துட்டேன்."

பார்த்துப் பேச மீசை இல்லை. முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன். சின்ன முகம், கொஞ்சம் வெட்கப்படுகிற முகம். எப்போதும் சிபாரிசு லெட்டரோடு போய் அரை மணியில் தரிசனம் முடிக்கிறவர், இந்தத் தடவை டீமோடு சேர்ந்து தர்ம தரிசன வரிசையிலேயே நின்றாராம். மீசை எடுக்க ஒரு கியூ, சாமி பார்க்க ஒரு கியூ.

"ஒம்பது மணி நேரம்டா" என்றார். "ஓடல, ஆடல, நின்னுகினே இருந்தேன். முட்டி ரெண்டும் போச்சு. நிக்கறது சும்மா இல்லடா." முட்டை டிரேயை என் கையில் வைத்தார். கோட்டு சூட்டில் முட்டை டிரேயை ஏந்திக்கொண்டு நான் நிற்கிற போட்டோ இன்றைக்கும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு நான் அந்த டீமில் இருந்தவரை எனக்கு இரண்டு முட்டைதான்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பையன் போனைக் கீழே வைத்திருந்தான். "சரி நைனா, அவர நல்ல ஓனர்ல போடறதா, மட்டமான ஓனர்ல போடறதா?"

இரண்டிலும் போடு என்றேன். அப்படிப் போட முடியாதாம்.

ஜூஸ் பேக்டரி இப்போது இல்லை. இடத்தைப் பிளாட் போட்டுவிட்டார்கள், கோல் போஸ்ட் இருந்த இடத்தில் யாரோ மாடி வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் ஈகூட இல்லை. பாகாலா டீம் பஸ்காரம்மாவோடு போயிற்று. முதலாளியும் போய்விட்டார். மீசை திரும்ப முளைத்தது, ஆனால் வெள்ளையாக முளைத்தது, திருகுகிற அளவுக்கு அவர் அதை வளர்க்கவில்லை. நான் காப்பாற்றி வைத்திருந்த முடி, கல்யாணமான எட்டாவது வருஷத்திலிருந்து சீப்போடு வர ஆரம்பித்து, இன்றைக்கு நெற்றியிலிருந்து பிடரிவரை என் முதலாளி தலையேதான்.

எஸ்தர் மாம்பழத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சுவரில் இருந்த போட்டோவையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாவம் மனுசன்" என்றாள், "வீணா மீசையக் குடுத்தாரு."