மொட்டைமாடியில் எண்ணிய கொரிய அம்மா

இன்று கடையில் வறுத்த பார்லியின் மணம் வந்ததும், சாலையை அகலப்படுத்த இடித்துவிட்ட எங்கள் பழைய கழக்கூட்டம் அடுக்குமாடிக்கு மனம் போய்விட்டது. அங்கே மேல்வீட்டில் எப்போதும் பார்லித் தண்ணீர் கொதிக்கும். ஐடி பார்க்கில் வேலைபார்த்த மகளுடன் ஒரு முதிய கொரிய அம்மா தங்கியிருந்தார். மாலைதோறும் மொட்டைமாடியில் கயிறு சிமெண்டில் உரச நான் தாண்டுவேன், அவர் கைதட்டி, தாளம் தவறாமல், தன் மொழியில் எண்ணுவார். எனக்கும் அந்த எண்கள் பழகிவிட்டன.

ஒருநாள் அதைக் கேட்ட மகள் அவரை அதட்டினார். பிறகு என் அம்மாவிடம் ஆங்கிலத்தில் விளக்கினார்: அது கொரிய மொழியல்ல, ஜப்பானிய மொழி. கொரியாவை ஜப்பான் ஆண்ட காலத்தில் படித்தவர். பள்ளியில் சொந்த மொழி பேசினால் அடி.

"நம்மாத்துலயும் அதே கதைதான். இவளுக்குக் கணக்குன்னா இங்க ஸ்கூல்ல சொல்லிக்குடுத்த மலையாளம்தான் வரும்," என்று அம்மா என்னைக் காட்டி அப்பாவிடம் சிரித்தாள்.

"இவளை யாருடி அடிச்சா?" என்றார் அப்பா.

மறுநாள் மாடியில் அந்த முதிய அம்மா கொரிய மொழியில் எண்ணத் தொடங்கி, நடுவில் தடுமாறி நின்றுவிட்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. அடுத்த எண் எனக்குத் தெரியும், ஆனால் ஜப்பானிய மொழியில். சொல்லலாமா கூடாதா என்று புரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.