மானேஜருடன் போன லைன்: ராசிபுரம் முதல் சங்ககிரி வரை

சேலத்திலிருந்து ராசிபுரம் பதினேழு மைல். பஸ் கட்டணம் அறுபத்தைந்து நயா பைசா. இந்தப் பாதையில் பல வருஷம் போய் வந்திருக்கிறேன். ஆனால் மானேஜரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனது ஒரே ஒரு தடவைதான். அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதக் கடைசியில்.

நான் அப்போது தையல் மெஷின் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பதை எங்கள் தொழிலில் 'லைனுக்குப் போவது' என்போம். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று ஒரு சுற்று என் லைன். மாதத்துக்கு இத்தனை மெஷின் என்று கோட்டா உண்டு. கோட்டா முடிந்தால் அடுத்த மாதம் அது ஏறும். முடியாவிட்டால் சென்னையிலிருந்து தந்தி வரும். முதல் தந்தி வந்த அன்று, அரிசிப்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. யார் இறந்தது என்று கேட்டார்கள். யாரும் இல்லை, மெஷின் விற்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த மாதம் தந்திக்குப் பதிலாக மானேஜரே வந்துவிட்டார்.

ராகவன் சாருக்கு ஐம்பது வயதிருக்கும். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையும் டையும். காலை ஆறரை மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், ஊர் எல்லை தாண்டும் முன்பே விஷயத்துக்கு வந்தார்.

"சவரிமுத்து, இன்னிக்கும் நாளைக்கும் சேர்த்து நாலு ஆர்டர் வேணும். இல்லேன்னா உங்க லைனை ஈரோட்டுக்காரரோட சேர்த்துடுவாங்க. அப்புறம் உங்களுக்கு வேலை இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

என் மடியில் கைமெஷின் பெட்டி இருந்தது. செய்து காட்டுவதற்காகக் கொண்டுபோவது. நல்ல கனம். தொடை மரத்துப்போக, "சரிங்க சார்" என்றேன்.

ராசிபுரத்தில் முதல் கடை காதர் பாயுடையது. கடைவீதியில் ஜவுளிக்கடை, பின்கட்டில் இரண்டு தையல்காரர்கள். மூன்றாவதாக ஒரு மெஷின் போடலாம் என்று அவர் மனதில் இருந்தது. இரண்டு மாதமாக நான் போவேன், டீ வரும், மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு மற்றதையெல்லாம் பேசிவிட்டு வருவேன். அப்படித்தான் அது பழுத்துக்கொண்டிருந்தது.

ராகவன் சார் உட்காரவில்லை. பெட்டியைத் திறந்தார், துணியை வைத்தார், கைப்பிடியைச் சுற்றினார். பேசத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. பக்கத்துக் கடைக்காரர் இரண்டு மெஷின் கேட்டிருக்கிறார் என்றார். அது பொய். விலை அடுத்த வாரம் ஏறும் என்றார். அது எனக்கே புதுச் செய்தி. காதர் பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி, இவ்வளவு நாளா இதெல்லாம் நீங்க சொல்லவே இல்லையே?"

நான் மெஷினைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினேன். "இன்ஷா அல்லாஹ், பிறகு பாக்கலாம்" என்று அவர் துணி மடிக்கத் திரும்பினார். அன்று டீ வரவில்லை.

வெளியே வந்ததும் ராகவன் சார், "இந்த ஆள் வாங்கற ஆளே இல்லை. இவர்கிட்ட ரெண்டு மாசத்தை வீணாக்கியிருக்கீங்க" என்றார். நான் பெட்டியைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டேன்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் பதினாறு மைல். நண்பகல் வெயிலில் சாலை ஓரத்துப் புளியமரங்கள் கூட வெளுத்துத் தெரிந்தன. கொல்லிமலை இடப்பக்கம் புகைமூட்டமாக நின்றது. நாமக்கல்லில் கோட்டைப் பாறையைச் சுற்றியுள்ள தெருக்களில் பொழுது சாயும் வரை ஏறி இறங்கினோம். 'ஊட்டுல அவரு இல்லைங்க', 'அறுவடை ஆகட்டுங்க', 'எங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்' என்று எல்லா வாசலிலும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்தப் பக்கத்து மக்கள் விரட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் விரட்டுவார்கள். மரியாதையாக விரட்டப்பட்டால் அலுப்பு குறையும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அன்றைய ஒரே லாபம், ஒரு தையல்காரர் தந்த செய்தி. திருச்செங்கோட்டுச் சாலையில் நாலு மைலில், தோட்டத்து வீட்டில் இருக்கும் ராமசாமிக் கவுண்டர் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். சீரோடு மெஷின் வைப்பது அப்போதுதான் பழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. ராகவன் சார் முகத்தில் அன்று முதல் முறையாகத் தெளிவு வந்தது.

நாமக்கல்லில் தங்கிவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். சோளத்தட்டை அறுத்த காட்டின் நடுவே அரை மைல் நடை. கிணற்றில் கவலை இறைத்துக்கொண்டிருந்த ராமசாமிக் கவுண்டர் மாடுகளை நிறுத்திவிட்டு வந்தார்.

"வாங்க, வாங்க. ஆருங்க, எந்தூருங்க? மொதல்ல மோர் குடிங்க, அப்பறம் பேசிக்கலாம்."

மோர் கொடுத்தது அவர் மனைவி. ராகவன் சார் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தொடங்கினார். பெண்ணுக்குச் சீர், மாப்பிள்ளை வீட்டுப் பெருமை, பட்டணத்தில் எல்லாரும் வாங்குவது. பேச்சின் நடுவிலேயே அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். கவுண்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன். புதிதாக வெள்ளையடித்த சுவர், பாதியில் நின்றிருந்தது. மட்டையும் சுண்ணாம்புச் சட்டியும் காய்ந்து கிடந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. மானேஜரின் சட்டைக் கையை மெல்லத் தொட்டேன். அவர் தட்டிவிட்டார்.

"மாப்பிள்ளை வீட்டார் முன்னால உங்க பொண்ணு தலை நிமிர்ந்து நிக்க வேண்டாமா?"

"அந்தச் சம்மந்தம் நின்னு போச்சுங்க" என்றார் கவுண்டர். "போன வாரம் வந்து முறிச்சுட்டுப் போயிட்டாங்க."

எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் எழுந்திருப்பான். ராகவன் சார் ஒரு மூச்சு நேரம்தான் நிறுத்தினார். "அதனால என்ன? அடுத்த சம்பந்தம் வரும். அதுக்கு இப்பவே வாங்கி வெச்சுட்டா..." என்று தொடர்ந்தார். நான் மெஷின் பெட்டியின் மூடியை எடுத்து மூடப் போனேன்.

"மூடாதீங்க."

உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்து நின்றாள். பாவாயி என்று பெயர். பதினெட்டு வயதிருக்கும். அழுது அழுது கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் திடமாக இருந்தது. என்னைப் பார்த்து, "நான் தெச்சுப் பாக்கலாமுங்களா?" என்றாள்.

துணியை வைத்துக் காட்டினேன். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். முதல் தையல் கோணலாக ஓடியது. நூல் அறுந்தது. நான் ஒரு முறை கோத்துக் காட்டினேன். அடுத்த முறை அவளே கோத்துக்கொண்டாள். ராகவன் சார் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அம்மா கதவருகே வந்து நின்றார்.

"அப்பா, இது எனக்கு வேணும். சீருக்குன்னு வாங்க வேண்டாங்க. சும்மா, எனக்குன்னு வாங்குங்க" என்றாள்.

கவுண்டர் அவள் தைத்த துணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "செரி சாமி" என்றார் மகளிடம். முன்பணத்தை எடுத்துவர உள்ளே போனார்.

திரும்பும்போது சாலை வரை எங்களோடு வந்தார். ராகவன் சார் முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தார். கவுண்டர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"ஏனுங், அந்தய்யா எதுக்கு இப்படிப் பறக்கறாரு? அவரு ஊட்டுல ஆருக்காச்சும் ஒடம்பு செரியில்லைங்களா?"

"தெரியலைங்க" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு இருபத்திரண்டு மைல். அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. மலை மேலிருந்து அனல் இறங்கி வந்து தெருவில் நிற்பது போலிருந்தது. நாலு வீடு, இரண்டு கடை. ஒன்றும் ஆகவில்லை. ராகவன் சாரின் குரல் கம்மிக்கொண்டே வந்தது. தேர்வீதியில் ஒரு தையல்கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க போய்ப் பேசுங்க. நான் இங்கேயே நிக்கறேன்."

திரும்பிப் பார்த்தேன். டையைத் தளர்த்திவிட்டு, மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய் ஏதோ பேசினேன். தையல்காரர் வேண்டாம் என்றார். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது; மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி ஏழு மைல். அங்கிருந்து அவருக்குக் கோவைக்கு மாலை ரயில். அடுத்த லைன் அந்தப் பக்கம். கோட்டை மலையடியில் லாரிகள் வரிசையாக நின்றன. பட்டறைகளில் இரும்படிக்கும் சத்தம் ரயில் நிலையம் வரை கேட்டது. பிளாட்பாரத்தில் எங்களைத் தவிர, கோழிக் கூடையோடு ஒரு குடும்பம் மட்டும் இருந்தது. அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடி பேசினார்.

"சவரி, ஒண்ணு கேக்கணும். அந்தப் பாவாயி ஆர்டரை என் பேர்ல எழுதிக்கட்டுமா?"

எனக்கு விளங்கவில்லை. மானேஜருக்கு எதற்கு ஆர்டர்?

"போன மாசமே என்னை மானேஜர் வேலையிலேருந்து எடுத்துட்டாங்க. மூணு லைன்ல சுத்தி ஆர்டர் காட்டினா பழையபடி யோசிக்கறதா சொல்லியிருக்காங்க. உங்க லைனைச் சேர்க்கறதோ பிரிக்கறதோ எதுவும் என் கையில இல்லை."

"அப்போ ஏன் சார் பஸ்ஸுல அப்படிச் சொன்னீங்க?"

"என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க. நானும் உங்ககிட்ட அதையே சொல்லிட்டேன்."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. கவுண்டர் கேட்டதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. வேலை போன விஷயமே அவங்களுக்குத் தெரியாது" என்றார்.

"எழுதிக்குங்க சார்" என்றேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுத்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை. ரயில் வந்தது. ஏறும் முன் ரயில் பெட்டியின் ஜன்னல் கண்ணாடியில் பார்த்து டையை இழுத்துச் சரி செய்துகொண்டார். கையை அசைத்தார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. வைகாசியில் வேறொரு மானேஜர் வந்தார். ராகவன் சாரைப் பற்றிக் கேட்டதற்கு, "அவர் இப்போ கம்பெனியில இல்லை" என்பதோடு முடித்துக்கொண்டார். என் லைனை யாரும் சேர்க்கவில்லை. அந்த மாதக் கமிஷன் மட்டும் எனக்கு வரவில்லை. பாவாயிக்கு மெஷினைக் கொண்டுபோய் இறக்கியது நான்தான். ஆடி மாதம் அந்த வழியாகப் போனபோது, சுற்றுத் தோட்டத்துப் பெண்கள் ரவிக்கைத் துணியோடு அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். காதர் பாய் கடையில் மறுபடி டீ வர ஒரு வருஷம் ஆயிற்று.

ஆனால் ரயில் போன அன்று மாலை இதில் எதுவும் எனக்குத் தெரியாது. சங்ககிரியிலிருந்து சேலம் இருபத்து மூன்று மைல். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தோணியார் கோயில் மணி அடித்தது. மனைவி ஜெசிந்தா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியை இறக்கி வைத்ததும் கேட்டாள்:

"ஞாயித்துக்கிழமை மேட்டூர்ல தங்கச்சி மகளுக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை வாங்கறா. போலாமா, வேண்டாமா?"

நான் பேசத் தொடங்கினேன். "இப்ப பாரு ஜெசிந்தா, நாம போகாம இருக்கறதுல ரெண்டு நன்மை இருக்கு. ஒண்ணு, வெயிலுக்குப் பிள்ளைங்களுக்கு அலைச்சல் இல்லை. ரெண்டாவது, அடுத்த மாசம் போனா இன்னும் சவுகரியமா..." என் கை தானாக உயர்ந்திருந்தது. முகத்தில், கடை வாசல்களில் போடும் அந்தச் சிரிப்பும் இருந்திருக்க வேண்டும்.

அவள் விளக்கின் திரியைச் சரி செய்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"என்கிட்ட எதுக்கு இப்படிப் பேசறீங்க? நான் என்ன மெஷினா வாங்க வந்தேன்? முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க."

கையைக் கீழே இறக்கினேன்.

"முடியலை" என்றேன்.

"சரி. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.